இடது கன்னம் ஃபிளாஷ், வலது கன்னம் லேசர்

என் கணவரின் அண்ணன் மனைவி, அதாவது என் ஓரகத்தி, முகப்பொலிவு கிளினிக் ஒன்றின் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தாள். நான் அவளை அக்கா என்று கூப்பிடுவேன். வீட்டில் மற்ற எல்லோருக்கும் அவள் ‘ரிசப்ஷன்’. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், ஒரு விடுமுறை நாள் காலையில் மாமனார் குளியலறைக் கதவைத் தட்ட, உள்ளே இருந்தவள், "ஒரு அஞ்சு நிமிஷம் உக்காருங்க சார், கூப்பிடறோம்" என்று குரல் கொடுத்துவிட்டாள். மாமனாரும் நிஜமாகவே போய் நாற்காலியில் உட்கார்ந்தார். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர் அது.

என்னைப் பற்றியும் இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். கிளினிக்கிலிருந்து இரண்டு தெரு தள்ளி உள்ள மருந்துக்கடையில் நான் வேலை செய்கிறேன். சரும அலமாரி என் பொறுப்பு. ஏழே நாளில் நிறம் மாறும், பதினாலே நாளில் தழும்பு மறையும், ஒரே இரவில் பத்து வயது குறையும் என்றெல்லாம் எழுதிய டப்பாக்களை வாய் கூசாமல் எடுத்துக் கொடுக்கிறவள். அதனால் இந்தத் தொழிலில் யார் எந்த அளவுக்குப் புளுகுகிறார்கள் என்று எடைபோட எனக்குத் தகுதி இருக்கிறது.

அக்காவுக்கு இரண்டாவது குழந்தை பிறந்த பிறகு கன்னத்தில் மங்கு வந்தது. ஈரமான டீ தம்ளரை வைத்து எடுத்த மாதிரி இரண்டு கன்னத்திலும் பழுப்பாக ஒரு கறை. வலி கிடையாது, அரிப்பு கிடையாது. ஆனால் பார்க்கிறவர்களுக்குத்தான் தாங்க முடியவில்லை. "உடம்பு சரியில்லையா?" என்பார்கள். "தூக்கம் இல்லையா?" என்பார்கள். "வீட்ல ஏதாவது பிரச்னையா?" என்று கேட்டு, இல்லை என்றால் ஏமாந்துபோனவர்களும் உண்டு. துணிக்கடை வேலைக்குப் போனாள். வாசல் பக்கம் நிற்க வேண்டியவளைக் கிடங்கில் புடவை மடிக்க விட்டார்கள். அங்கிருந்து பார்சல் கம்பெனி ஒன்றில் தொலைபேசி வேலைக்குப் போனாள். ஒன்பது வருடம் அவள் குரலை ஊரே கேட்டது. முகத்தை ஒருத்தரும் பார்க்கவில்லை.

கிளினிக் வேலையும் அந்தக் குரலால்தான் கிடைத்தது. கிளினிக்கை நடத்தும் டாக்டரம்மாவை அங்கே எல்லோரும் மேடம் என்பார்கள். மேடம் தொலைபேசியில் பேசியே அக்காவை வேலைக்கு எடுத்துவிட்டார். நேரில் பார்த்ததும் ஒரு கணம் திகைத்தாராம். ஆனால் மேடம் லேசுப்பட்டவர் இல்லை. உடனே, "நல்லதாப் போச்சு. மூணே மாசத்துல உங்க முகத்தைச் சரி பண்ணிடறோம். வர்றவங்க கண்ணு முன்னாடியே மாற்றம் தெரியட்டும்" என்றார். மூன்று மாதம் இரண்டு வருடமானது. வருகிறவர்களின் முகத்தைச் சரிசெய்யவே நேரம் பத்தாத இடத்தில், மேசைக்குப் பின்னால் இருக்கிறவளின் முகத்துக்கு யார் நேரம் ஒதுக்குவார்கள்?

ஆனாலும் அந்த மேசையை அவள் நேசித்தாள். கண்ணாடிக் கதவு, ஏசி, பிளாஸ்டிக் செடி, மரத்துப்போகச் செய்யும் களிம்பின் வாசனை. அதற்கு நடுவில் சுழலும் நாற்காலியில் அவள். கதவைத் திறந்தால் முதலில் தெரிவது அவள்தான். "முன்னாடி உக்கார வெச்சிருக்காங்கம்மா என்னை" என்று என்னிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். சம்பளம் பார்சல் கம்பெனியைவிடக் கூடுதல் ஒன்றும் இல்லை. அவளுக்கு அந்த இருக்கைதான் சம்பளம்.

அந்தக் கிளினிக்கில் மூன்று விதமான ஒளி உண்டு. முதலாவது ஃபிளாஷ் மெஷின். அதற்கு நீளமான பெயர் ஒன்று இருக்கிறது. கேமரா ஃபிளாஷ் மாதிரி பளிச்சென்று அடிப்பதால் வேலை செய்கிறவர்கள் இப்படித்தான் சொல்வார்கள். பல நிற ஒளியை மொத்தமாக வாரி இறைக்கும். கறை எங்கே, தோல் எங்கே என்று ரொம்ப ஆராயாது. இரண்டாவது லேசர். ஒரே நிற ஒளி, ஒரே குறி, டிக் டிக் என்று சின்னச் சின்னதாகக் கொத்தும். மூன்றாவது விளக்கு முகமூடி. சிவப்பும் நீலமுமாகக் குட்டி பல்புகள் வைத்த முகமூடியை மாட்டிக்கொண்டு இருபது நிமிடம் படுத்திருக்க வேண்டும். அது துளியும் வலிக்காது. அதனாலேயே அதை யாரும் நம்புவதில்லை. வலித்தால்தான் வேலை செய்கிறது என்று நினைக்கிற ஜனம். முதல் இரண்டும் எப்படி வலிக்கும் என்று கேட்டால், "ரப்பர் பேண்டை இழுத்து விட்ட மாதிரி" என்று துண்டுப் பிரசுரத்தில் போட்டிருப்பார்கள். ரப்பர் பேண்டால் அடி வாங்கி அனுபவம் உள்ளவர்கள் உலகத்தில் இத்தனை பேர் இருப்பது எனக்கு அதற்கு முன் தெரியாது.

"மூணுல எது நல்லது?" என்று கேட்காத ஆள் கிடையாது. அதற்கு மேடம் வைத்திருந்த பதிலை அக்கா எனக்குச் சொல்லியிருக்கிறாள். அன்றைக்கு எந்த அறை காலியாக இருக்கிறதோ, அந்த ஒளிதான் உங்கள் சருமத்துக்கு ஏற்றது.

இன்னொரு வழக்கமும் அங்கே இருந்தது. சிகிச்சைக்கு முன்னால் ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள். ‘நான் வெயிலில் செல்ல மாட்டேன்’ என்று அதில் ஒரு வரி. கிளினிக்குக்கு வருவதற்கே வெயிலில்தான் வர வேண்டும் என்பது வேறு விஷயம். பிறகு முகத்தில் என்ன கோளாறு வந்தாலும், அக்கா முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "வெயில்ல போனீங்களா?" போகாதவர் யார்? "ஆமாங்க, பஸ்ஸுக்கு நின்னேன்" என்பார்கள். அதோடு விசாரணை முடிந்தது. குற்றவாளி சூரியன், உடந்தை அவர்கள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது மேடம் இரண்டாவது கிளை திறக்க முடிவு செய்தார். அதற்கு எந்த மெஷினை வாங்குவது என்று குழப்பம். ஃபிளாஷ் விற்கிறவர் ஒரு கட்டு ஆராய்ச்சிக் காகிதம் கொண்டுவந்தார். லேசர் விற்கிறவர் அதைவிடத் தடியான கட்டு கொண்டுவந்தார். மேடம் இரண்டையும் படிக்கவில்லை. அக்காவைக் கூப்பிட்டார்.

"புதுக் கிளைத் திறப்பு நாலு மாசத்துல இருக்கு. அதுக்குள்ள உங்க முகம் தெளியணும். இல்லேன்னா ஃபைல் ரூம்ல உக்காந்து வேலை பாருங்க. தப்பா எடுத்துக்காதீங்க, நம்ம தொழில் அப்படி."

அக்கா அன்று வீட்டுக்கு வந்து செருப்பைக் கூடக் கழற்றாமல் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள். ஃபைல் ரூம் எனக்குத் தெரியும். எங்கள் கடையிலிருந்து வாரம் ஒரு முறை சன் ஸ்கிரீன் பெட்டிகளை அங்கேதான் கொண்டுபோய் வைப்பேன். ஜன்னல் கிடையாது. ஒரு மேசை, ஒரு இரும்பு அலமாரி, உடைந்த முடிகாயவைக்கும் மெஷின் ஒன்று. "மறுபடியும் கிடங்கு" என்றாள் அக்கா. அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

மறுநாள் அவளே போய் மேடத்திடம் ஒரு யோசனை சொன்னாள். "என் முகத்துலயே மூணையும் பண்ணிப் பாருங்க மேடம். ஒரு கன்னத்துக்கு ஒண்ணு. எது நல்லதுன்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெளியும்." மேடத்துக்கு இது பிடித்துப்போனது. விஞ்ஞானம் என்றார். இடது கன்னம் ஃபிளாஷ், வலது கன்னம் லேசர், நெற்றிக்கு விளக்கு முகமூடி என்று அட்டவணை போட்டு, மெஷின்களை இயக்கும் டெக்னீஷியன் அம்மா அதை அறைச் சுவரில் ஒட்டினாள்.

வீட்டில் இதைச் சொன்னபோது அக்காவின் கணவர் ரொம்ப நேரம் யோசித்தார். "ஒரு பக்கம் நல்லா வந்து இன்னொரு பக்கம் வரலேன்னா?" என்றார்.

"நல்ல பக்கமா உக்காந்துக்கிறேன்" என்றாள் அக்கா. அப்போது நாங்கள் எல்லோரும் சிரித்தோம்.

நாலு மாதம் அவள் கட்டுப்பாடாக இருந்தாள். நான் கொடுத்த சன் ஸ்கிரீனை மூன்று மணி நேரத்துக்கு ஒரு தரம் பூசினாள். மாடியில் துணி காயப்போடக்கூடக் குடையோடு போனாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் மழை வருகிறதா என்று வானத்தைப் பார்த்தார்கள். ஆனாலும் மூன்றாவது தடவைக்குப் பிறகு இடது கன்னம் கறுக்க ஆரம்பித்தது. காலையில் காபி கலக்கும்போது நான்தான் முதலில் கவனித்தேன். மங்கின் ஓரம் விரிந்து, பழுப்பு போய்ச் சாம்பலாகி இருந்தது. வலது கன்னம் மெல்ல மெல்ல வெளுத்து, மூன்றாவது மாத முடிவில் கறை இருந்த இடத்தைத் தேட வேண்டியிருந்தது. நெற்றியில் முதலிலும் ஒன்றும் இல்லை, கடைசியிலும் ஒன்றும் இல்லை. அதை அட்டவணையில் ‘நூறு சதவீத வெற்றி’ என்று எழுதிக்கொண்டார்கள்.

ஆக லேசர் ஜெயித்தது, ஃபிளாஷ் அவள் கன்னத்தைக் கெடுத்தது. ஒரு குழந்தைக்குப் புரிகிற முடிவு. ஆனால் முடிவைச் சொல்ல வேண்டியவர் மேடம்.

மேடம் அப்போது வெளியூரில் நடந்த மாநாடு ஒன்றுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். வாசலில் கார் நிற்கிறது. போகிற அவசரத்தில் அக்காவின் தோளில் கைபோட்டு, போனின் முன் கேமராவால் இரண்டு பேரையும் சேர்த்து ஒரு படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்தப் போன், முன் கேமராவில் எடுக்கிற படத்தைக் கண்ணாடியில் தெரிகிற மாதிரியே வைத்துக்கொள்ளும். அதாவது அக்காவின் வலது கன்னம் படத்திலும் வலது பக்கமே இருக்கும்.

மாநாட்டு மேடையில் அந்தப் படத்தைத் திரையில் பெரிதாகப் போட்டார் மேடம். தெளிந்த கன்னம் படத்தின் வலது பக்கத்தில் இருந்தது. உள்ளது உள்ளபடி சொல்லியிருந்தால் தப்பித்திருக்கலாம். ஆனால் மேடம் விவரமானவர். "சாதாரண ஜனங்க இங்கதான் ஏமாறுவாங்க" என்று சபைக்கு எடுத்துச் சொன்னாராம். எதிரே நிற்கிறவரின் வலது நமக்கு இடது. ஆகவே படத்தில் வலது பக்கம் தெரிவது நிஜத்தில் அவருடைய இடது கன்னம். இடது கன்னத்துக்கு அடித்தது ஃபிளாஷ். ஆகவே ஃபிளாஷ்தான் சிறந்தது. கைதட்டல் பலமாக இருந்ததாம். அந்த மண்டபத்திலேயே புதுக் கிளைக்கு மூன்று ஃபிளாஷ் மெஷின்களுக்குச் சொல்லிவிட்டார்.

எனக்கு இன்றைக்கும் ஆறாதது மெஷின் விஷயம் இல்லை. படத்தில் குழம்பலாம், யாரும் குழம்பலாம். இரண்டு வருடம் தினமும் காலையில் "வணக்கம் மேடம்" என்ற முகத்தில், எந்தக் கன்னம் கறுத்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஒரு படம் எதற்கு? அவர் அக்காவை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

அவர் திரும்பி வந்ததும் அக்கா போய்ச் சொல்லிப் பார்த்தாள். "மேடம், ஃபிளாஷ் அடிச்சது இந்தக் கன்னத்துல. கறுத்திருக்கே, இதுல."

மேடம் பொறுமையாகச் சிரித்தார். "நீங்க உங்க முகத்தைக் கண்ணாடியிலயே பாத்துப் பழகிட்டீங்க. அதான் உங்களுக்கு இடது வலது மாறித் தெரியுது."

சரி, அட்டவணையைப் பார்க்கலாம் என்று இரண்டு பேரும் போனார்கள். சுவரில் இருந்த அட்டவணை புதிதாக இருந்தது. இடது கன்னம் லேசர், வலது கன்னம் ஃபிளாஷ். டெக்னீஷியன் அம்மா கைகழுவும் தொட்டிப் பக்கம் திரும்பி நின்று எதையோ கழுவிக்கொண்டிருந்தாள். பிறகு அக்காவிடம் தனியாக, "மேடத்தைத் திருத்தறதா, அட்டவணையைத் திருத்தறதா, நீயே சொல்லு" என்றாளாம். எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. அவளுக்கும் வீட்டில் இரண்டு பேர் படிக்கிறார்கள்.

ஆனால் இப்போது அட்டவணையும் மேடமும் ஒத்துப்போகவில்லை. மேடம் சொன்னது இடது தெளிந்தது, இடதுக்கு ஃபிளாஷ் என்று. அட்டவணை சொல்வது வலதுக்கு ஃபிளாஷ் என்று. நிஜத்தில் தெளிந்ததோ வலது. இது யாருக்கும் உறுத்தவில்லை. ஃபிளாஷ் ஜெயித்தது என்று இரண்டும் ஒரே குரலில் சொன்னதால் அதற்குமேல் யாரும் கன்னத்தை எண்ணவில்லை.

அக்காவின் இருக்கை தப்பியது. புதுக் கிளையில் அவளே முன்மேசை. ஒரே ஒரு மாற்றம்: மேசையைக் கால்வாசி திருப்பிப் போட்டார்கள், உள்ளே வருகிறவர்களுக்கு வலது கன்னம் மட்டும் தெரிகிற மாதிரி. இடது கன்னத்துக்குத் தினமும் காலையில் தடிமனாக ஃபவுண்டேஷன். நாணயத்தில் இருக்கும் ராஜா மாதிரி நாள் முழுக்க ஒரு பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தாள். வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு விளம்பரம் வைத்தார்கள். அதில் அவள் முகத்தின் பாதி, கீழே ‘ஃபிளாஷ் தொட்ட கன்னம்’ என்று பெரிய எழுத்து.

வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். மாமனார் விளம்பரத்துக்கு எதிரில் நின்று படம் எடுத்துக்கொண்டார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு நாள் சமையலறையில் கேட்டேவிட்டேன்.

"அக்கா, அந்த மெஷின் உங்க கன்னத்தை என்ன பண்ணுச்சுன்னு உங்களுக்குத் தெரியும். அதைக் காட்டியே அடுத்தவங்களைக் கூப்பிடறீங்களே."

அவள் கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "நீ உன் அலமாரியில என்ன விக்கற? ஏழு நாள்ல நிறம் மாறும்னு சொல்லித்தானே குடுக்கற. ஒருத்தருக்காவது மாறிச்சா?"

இரண்டு நாள் அவளோடு பேசாமல் இருந்தேன். அவள் சொன்னது பொய்யாக இருந்தால் ஒரு மணி நேரத்தில் பேசியிருப்பேன்.

புதுக் கிளையில் கூட்டம் அள்ளியது. மங்கு உள்ள பெண்கள் விளம்பரத்தைப் பார்த்துவிட்டுத் தேடி வந்தார்கள். ஒன்றரை மாதத்தில் அவர்களில் சிலர் திரும்பி வந்தார்கள். முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு, முந்தானையால் ஒரு கன்னத்தை மறைத்துக்கொண்டு. எல்லோருக்கும் கெட்டுப்போனது என்று நான் சொல்ல மாட்டேன். சிலருக்கு ஒன்றும் ஆகவில்லை, ஓரிருவருக்கு நன்றாகவே இருந்ததாம். ஆனால் கறுத்துப்போனவர்கள் வந்து நின்றபோது, படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு அக்கா கேட்க வேண்டியிருந்தது: "வெயில்ல போனீங்களா?"

"இன்னைக்கு ஒரு டீச்சர் எங்கிட்ட மன்னிப்புக் கேட்டாங்க" என்றாள் ஒரு நாள் சாயங்காலம். "தப்பு பண்ணிட்டேன், ரெண்டு நாள் மைதானத்துல நின்னுட்டேன், மன்னிச்சிடுங்கன்னு எங்கிட்ட." அன்று அவள் சரியாகச் சாப்பிடவில்லை. நானும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை, தட்டை எடுத்து மூடி வைத்தேன்.

அடுத்த வாரம் நான் பெட்டிகளோடு புதுக் கிளைக்குப் போயிருந்தேன். காத்திருக்கும் நாற்காலிகளில் மூன்று பேர். அப்போது ஒரு பெண் வந்தாள்; பஸ் கண்டக்டர். விசில் இன்னும் சட்டைப் பையில் இருந்தது. இரண்டு கன்னத்திலும் மங்கு, அக்காவுக்கு இருந்த அதே மாதிரி. மேசைமேல் இரண்டு கையையும் ஊன்றி அக்காவின் வலது கன்னத்தை வெகு அருகில் பார்த்தாள்.

"வாசல்ல இருக்கிறது நீங்கதானே?"

"ஆமாங்க."

"எனக்கும் அந்த மெஷினே வைங்க. பதினாலு நாள் லீவு சேத்து வெச்சு எடுத்திருக்கேன். இந்த மூஞ்சியோட டிக்கெட் குடுத்தா, சில்லறையக் கையில குடுக்காம சீட்டு மேல வெக்கிறாங்க. ஏதோ ஒட்டிக்கும்னு நினைக்கிறாங்க போல."

அக்கா படிவத்தை எடுத்தாள். பேனாவையும் எடுத்து நீட்டினாள். அந்தப் பெண் வாங்கக் கை நீட்டியபோது அக்கா பேனாவை விடவில்லை. இரண்டு பேரும் ஒரே பேனாவைப் பிடித்துக்கொண்டு ஒரு நொடி இருந்தார்கள். பிறகு அக்கா களிம்பு துடைக்கிற பஞ்சை எடுத்துத் தண்ணீரில் நனைத்து, தன் இடது கன்னத்தை அழுத்தித் துடைத்தாள். ஒரு தரம் போதவில்லை. மூன்று பஞ்சு ஆயிற்று. நாற்காலியோடு முழுசாக அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினாள்.

"நல்லாப் பாத்துக்குங்க. அந்த மெஷின் பட்டது இந்தக் கன்னத்துல."

காத்திருந்த மூன்று பேரும் எழுந்து வந்துவிட்டார்கள்.

"அப்ப அந்த நல்ல கன்னம்?" என்று கேட்டாள் கண்டக்டர்.

"அது லேசர். அதுவும் எத்தனை நாள் நிக்கும்னு எனக்குத் தெரியாது. மறுபடி லேசா எட்டிப் பாக்குது. வேற நல்ல தோல் டாக்டரா பாருங்க. முதல்ல காது பின்னாடி ஒரு பொட்டு அளவு அடிச்சுப் பாத்துட்டு, அப்புறம் முகத்துக்கு வாங்கன்னு சொல்ற டாக்டரா பாருங்க."

உள் அறைக் கண்ணாடிக்குப் பின்னால் மேடம் நின்றுகொண்டிருந்தார். கத்தவில்லை. கத்துகிறவர் இல்லை அவர். எல்லோரும் போன பிறகு வந்து, "நாளைலேருந்து ஃபைல் ரூம்" என்று மட்டும் சொன்னார். பிறகு துடைத்த பஞ்சுகளைச் சுட்டிக்காட்டி, "அதைக் குப்பையில போட்டுட்டுப் போங்க" என்றார்.

மறுநாள் முன்மேசையில் வேறு ஒருத்தி வந்து உட்கார்ந்தாள். பளிங்கு மாதிரி முகம், பிறந்ததிலிருந்து ஒரு பரு கண்டதில்லை, எந்த ஒளியும் பட்டதில்லை. மேசையை மறுபடி நேராகத் திருப்பிப் போட்டார்கள். வாசல் விளம்பரத்தை எடுக்கவில்லை. அது நன்றாக வேலை செய்கிறதே, எதற்கு எடுப்பது?

அக்காவின் கணவர், வேலையை விட்டுவிடு என்றார். மாமனார் தன் போனிலிருந்த விளம்பரப் படத்தை அழித்தார். அக்கா விடவில்லை. அவமானம் தாங்காமல் நின்றுவிடுவாள் என்றுதான் மேடமும் நினைத்திருப்பார். காலையில் வழக்கம்போல டிபன் டப்பாவோடு கிளம்பினாள். ஒரே வித்தியாசம், ஃபவுண்டேஷன் பூசவில்லை.

இரண்டு கிளைகளின் ஃபைல்களும் பழைய கிளினிக்கில்தான்; அந்த வாரப் பெட்டிகளை வைக்க நான் அந்த ஃபைல் ரூமுக்குப் போனபோது, அவள் இரும்பு அலமாரியைத் திறந்துவைத்து ஃபைல்களை மேசைமேல் இரண்டு அடுக்காகப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தாள். மேசையில் ஒரு தொலைபேசி.

"அடுத்த சிட்டிங்குக்கு வரச் சொல்லி எல்லாருக்கும் போன் பண்ணணுமாம். உங்க குரல் நல்லாருக்குன்னு மேடமே குடுத்த வேலை" என்றாள். "இந்த அடுக்குல இருக்கிறது எல்லாம் ஃபிளாஷ் போட்டவங்க. மங்குக்குப் போட்டவங்க."

நாற்பது ஃபைல் இருக்கும். ஒவ்வொன்றின் மேலும் பெயர், வயது, தொலைபேசி எண். நான் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டேன். மேலே இருந்த ஃபைலைத் திறந்து எண்ணைப் போட்டாள். மறுமுனையில் ஒரு பெண் எடுத்தாள். அந்தச் சின்ன அறையில் எனக்கும் நன்றாகக் கேட்டது.

"கிளினிக்லேருந்து பேசறேம்மா. உங்க கன்னம் இப்ப எப்படி இருக்கு?"

அந்தப் பெண், "வரலைங்க நான். வந்தா மறுபடி திட்டுவீங்க. வெயில்ல போகக்கூடாதுன்னு சொல்லியும் போயிட்டேன். கடைக்குப் போக வேற ஆள் இல்ல" என்றாள்.

"நான் வரச் சொல்லிக் கூப்பிடல. வராதீங்கன்னு சொல்லத்தான் கூப்பிட்டேன். அந்த மெஷின் இனிமே உங்க முகத்துல படக் கூடாது."

"நீங்க யாரு பேசறது?"

"வாசல்ல பாதி முகம் ஒண்ணு பாத்திருப்பீங்களே. அதோட மீதிப் பாதி நான்தான். எனக்கும் கறுத்துப்போச்சு. நான் நாலு மாசம் குடை இல்லாம மொட்டை மாடிக்குக்கூடப் போகல."

மறுமுனையில் மூச்சு வாங்குவது கேட்டது. "அப்ப... இது என் தப்பு இல்லையா?" என்றாள் அந்தப் பெண். "எங்க வீட்ல எல்லாரும் என்னையத்தான்..." அதற்குமேல் பேச முடியாமல் அழுதாள்.

ஒன்பது வருடம் ஊர்ப்பட்ட ஏச்சையெல்லாம் தொலைபேசியில் வாங்கி ஒரு தடவைகூடத் தடுமாறாத அக்காவின் குரல் அப்போது உடைந்தது.

"இல்லம்மா. உங்க தப்பு இல்ல. இவ்வளவு நாள் உங்களை அப்படி நினைக்க வெச்சதுல எனக்கும் பங்கு இருக்கு. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

போனை வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள், இரண்டு கன்னத்தையும். நான் எழுந்து போய்க் கதவைச் சாத்தினேன். அவள் அடுத்த ஃபைலைத் திறந்தாள்.